கழற்றி வைக்க முடியாத தமிழ்

மட்டக்களப்புத் தமிழை யார் நடிக்கலாம், யார் நடிக்கக்கூடாது என்று எங்கள் பக்கத்து நாடகக்காரர்களுக்குள் கொஞ்ச நாளாக வாய்ச்சண்டை. காரணம் ஒரு குறும்படம். கொழும்பில் பிறந்து வளர்ந்த நடிகை ஒருவர் அதில் மட்டக்களப்புத் தாயாக வருகிறார். வசனத்துக்கு வசனம் எங்கள் பேச்சோடு ஒட்டி வருகிற 'கா' போடுகிறார், மகனை 'வா மனே' என்று கூப்பிடுகிறார், 'மறுகா' (பிறகு) இல்லாமல் அவருக்கு அடுத்த வசனமே வருவதில்லை. எங்கள் பேச்சு படத்தில் வந்துவிட்டதே என்று சிலருக்குச் சந்தோசம். இது கலாசாரத் திருட்டு, எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேசம் என்று சிலர் கொதிக்கிறார்கள். நாடகம் பழகுகிற பிள்ளைகளுக்குப் பேச்சுத் திருத்திக் கொடுக்கிறவள் என்பதால் இரண்டு பக்கத்தாரும் என்னிடம் நியாயம் கேட்கிறார்கள். தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

நடிக்கிறவரின் பிறந்த ஊரை நான் கேட்கமாட்டேன். இன்னொருவரின் பேச்சைத் தன் வாயில் எடுத்துக்கொள்வதுதான் நடிப்பில் அரைவாசி, அதைத் தடுத்தால் ஒவ்வொருவரும் தன்னைத்தானே நடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் பார்ப்பது வேறு. படப்பிடிப்பு முடிந்ததும் நடிகை அந்தப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கழற்றி வைக்க முடியாமல் அதோடேயே வேலை கேட்டு வருகிற பெண்ணுக்கு அதே வாசலில் என்ன நடக்கிறது? அதற்கு ஒழுங்கான பதில் இருந்தால் யாரும் எந்தப் பேச்சையும் பேசிவிட்டுப் போகட்டும், எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

என்ன நடக்கிறது என்பதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, என்னிடம் நாடகம் பழகியவள், நல்ல குரல், கொழும்பில் ஒரு வானொலியில் அறிவிப்பாளர் தேர்வுக்குப் போனாள். செய்தித்தாள் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாசித்து முடித்ததும், "குரல் நல்லம், தெளிவும் நல்லம், ஆனால் மட்டக்களப்பு இழுவை இருக்கு, அதைக் கழுவிப்போட்டு வாங்க" என்றாராம் பெரியவர் ஒருவர். பிள்ளை அழவில்லை. வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்துகொண்டு, ஒவ்வொரு இரவும் செய்தி வாசித்து, அதைத் தொலைபேசியில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டுத் தன் வாயைத் திருத்தினாள். வசனம் முடிகிற இடத்தில் எங்களுக்குக் குரல் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். அவள் அதை வெட்டினாள். திரும்பப் போனாள், எடுத்துக்கொண்டார்கள்.

கொஞ்சக் காலத்தில் அதே இடத்தில் ஒரு நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. அதில் ஒரு வேலைக்காரப் பெண், அவள் பேசுவது மட்டக்களப்புத் தமிழ். குரல் கொடுத்தவர் மட்டக்களப்புக்கு வருகிற வழியில் உள்ள வெலிக்கந்தையைத் தாண்டி ஒருநாளும் வந்திராத ஆள். ஒலிப்பதிவு நடக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம்முடைய பிள்ளை தன் செய்தி அறிக்கையோடு காத்துக்கொண்டிருப்பாளாம், இடையில் கதவைத் திறந்து கேட்பார்களாம்: "இதை உங்கட ஆக்கள் எப்படிச் சொல்லுவாங்கள்?" அவள் சொல்லிக் கொடுப்பாள். அதற்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. அவளைக் கழுவச் சொன்ன அதே இழுவைக்கு இன்னொருவர் சம்பளம் வாங்கினார். புதுவருசத்துக்கு ஊருக்கு வந்தபோது மாமிமார் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இவள் இப்ப கொழும்புக் கதையெல்லோ கதைக்கிறாள், எங்கட கதை நாறுதாக்கும்." இரண்டு பக்கமும் அவளைத்தான் நடிக்கிறாள் என்றார்கள். அந்தத் தொடரில் குரல் கொடுத்தவரை யாரும் அப்படிக் கேட்டதாக எனக்குத் தெரியாது.

திருட்டு என்ற சொல்லுக்கு ஒரு இடம் காட்டச் சொன்னால் நான் அந்தக் கண்ணாடி அறையைத்தான் காட்டுவேன்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் 'த சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் கடைக்கார அப்பு என்று ஒரு பாத்திரம், இந்தியன். அதற்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசேரியா, வெள்ளைக்காரர், 1990இல் இருந்து. அங்கே வளர்ந்த தென்னாசியப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலால் சீண்டப்பட்டுச் சலித்துப் போயிருந்தார்கள். ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் 2017இல் அதைப் பற்றியே ஒரு ஆவணப்படம் எடுத்தார். 2020இல் அசேரியா அந்தக் குரலை விட்டார், அடுத்த வருசம் மன்னிப்பும் கேட்டார். கொண்டபோலுவின் படத்தில் எனக்குப் பிடித்த விசயம், அப்புவின் பேச்சுப் பிழை என்று அளந்துகொண்டிருக்காமல், அந்தக் காலத்தில் திரையில் வேறு தென்னாசியர் அநேகமாக இல்லாமல் அப்பு மட்டும் இருந்தான் என்பதைப் பிடித்ததுதான். பத்துப் பேர் இருந்து அதில் ஒருவன் கோமாளி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இருக்கிற ஒருவனே கோமாளி என்றால் மிச்சப் பேரும் அவனாகத்தான் தெரிவார்கள்.

அவுஸ்திரேலியாவில் ஒரு சிற்றூரில் வளர்ந்து, பதினாறு வயதில் அமெரிக்காவுக்குப் போன வெள்ளைக்கார ராப் பாடகி இகி அசேலியா பாடும்போது அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பினத்தவர் குரல், பேட்டி கொடுக்கும்போது அவுஸ்திரேலியக் குரல். அது கழற்றி வைக்கிற பேச்சு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கலானது நடிகை ஆக்வஃபீனாவுடையது. நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் வளர்ந்த ஆசியப் பிள்ளை. கொண்டபோலுவும் அதே குயின்ஸ்தான். பல இனத்தவர் கலந்து வாழ்கிற இடம் அது, அங்கே வளர்ந்த பிள்ளையின் வாயில் அயலவர் பேச்சு ஒட்டுவது இயல்பு. ஆனால் கறுப்பினத்தவர் பேச்சை வைத்துச் சிரிக்க வைத்துப் பெயர் எடுத்தார், கனமான வேசங்கள் கிடைக்கத் தொடங்கியதும் அந்தப் பேச்சைக் காணோம் என்று கறுப்பினத்தவர் கேட்டார்கள். 2022இல் நீண்ட விளக்கம் ஒன்றை எழுதினார், கோபம் தணியவில்லை. வளர்ப்பு என்ற நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வளர்ந்த பேச்சு என்றால் அது அழும்போதும் வர வேண்டும், விருது வாங்கும் படத்திலும் வர வேண்டும்.

சரி, நம்முடைய கதைக்கு வருகிறேன். மட்டக்களப்புத் தமிழ் என்பது யாருடைய வளர்ப்பு? இந்தச் சண்டையில் 'எங்கட ஆக்கள்' என்று கத்துகிறவர்கள் பலர் மறந்துவிடுகிற விசயம் இது. காத்தான்குடியில் பிறந்த முஸ்லிம் பிள்ளைக்கும் இதுதான் தாய்மொழி, அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் இதன் இன்னொரு ஓட்டம். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர்கள், ஐரோப்பியர் வழிவந்தவர்கள், வீட்டுக்குள் போர்த்துக்கீசக் கிரியோல் பேசி வந்தவர்கள், தெருவில் இறங்கினால் எங்களைப் போலவே கதைப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் பிடிக்க முடியாது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1960களிலேயே எழுதிவிட்டார், தமிழின் பேச்சு வழக்குகள் எல்லாவற்றிலும் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புப் பேச்சு என்று. அதை நாங்கள் மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்படுகிறோம், படத்தான் வேண்டும். ஆனால் சுவலபிலின் வரி அந்தத் தேர்வு அறையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. பழமை இருந்தால் போதாது, அதிகாரம் உள்ளவர் காதுக்கு அது ஒழுங்கான தமிழாகப் பட வேண்டும்.

அந்தக் காதுகளில் வேறு ஏதோ தங்கியிருக்கிறது. 'மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள்' என்ற கதையைக் கேட்காத மட்டக்களப்பார் இல்லை. வடக்கில் இருந்து உத்தியோகத்துக்கு வருகிற ஆண்களை இங்கே உள்ள பெண்கள் வசிய மருந்து வைத்துப் பிடித்துவிடுவார்களாம். கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எங்கள் தாய்மார் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். நாடகத்தில் மட்டக்களப்புப் பெண் வந்தால் ஒன்று வேலைக்காரி, இல்லாவிட்டால் மருந்து வைக்கிறவள். பேச்சை மட்டும் தனியே எடுத்து யாரும் மேடையேற்றுவதில்லை, இந்தக் கதையும் கூடவே ஏறுகிறது. அந்தக் குறும்படத்தில் எனக்கு நெருடியது அந்தத் தாய் 'கா' போட்டதில் இல்லை (அதிலும் பிழை இருந்தது, யாரோடு பேசும்போது 'கா' வரும், யாரோடு வராது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை). நெருடியது அவர் வாய் திறந்த ஒவ்வொரு இடத்திலும் பின்னணியில் சிரிப்பு இசை போட்டிருந்தார்கள், மகன் செத்த செய்தி வருகிற காட்சிக்கு முந்திய காட்சி வரைக்கும்.

ஒருவர் பேச்சை இன்னொருவர் எடுத்து, எடுத்தவரும் கொடுத்தவரும் மரியாதையோடு இருந்ததும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' ஞாபகம் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. எஸ். ராமதாஸ் முஸ்லிம் இல்லை, ஆனால் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரமாகப் பேசி, சாகும்வரை மரிக்கார் ராமதாஸ் என்றே அறியப்பட்டார். முஸ்லிமான பி. எச். அப்துல் ஹமீத் அதில் ஐயர். செல்வசேகரன், தமிழைச் சிங்கள வாயால் பேசுகிற உபாலி. ராஜகோபால், யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி. நாலு பேச்சும் சிரிப்புக்குத்தான், ஆனால் நாலும் சமனாக நின்று ஒன்றை ஒன்று சிரித்தன, முஸ்லிம் கலைஞர் வெளியே நிற்க முஸ்லிம் பேச்சு மட்டும் உள்ளே போகவில்லை, அவரும் அதே ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். மரிக்காரை முஸ்லிம்கள் தங்கள் ஆளாகவே கொண்டாடியதாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அதே மாதிரி ஒரு தமிழ்ப் பெடியன் தொப்பி போட்டு, தாடி ஒட்டி, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற 'காக்கா'வை இழுத்து வீடியோ போட்டால் எனக்கு வயிறு எரிகிறது. 1990இல் முஸ்லிம்கள் வடக்கில் இருந்து விரட்டப்பட்டு, கிழக்கில் பள்ளிவாசலில் கொல்லப்பட்டதற்கும் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கும் பிறகு தொப்பியும் தாடியும் வைத்தவனுக்கு இந்த நாட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு செய்கிற வேலையா அது? மட்டக்களப்புத் தமிழனும் இதைச் செய்கிறான். தன் பேச்சைக் கொழும்பார் கேலி செய்தால் கொதிக்கிறவன், கோயில் திருவிழா மேடையில் பக்கத்து ஊர் முஸ்லிமையும் மலையகத்தாரையும் அதே கேலி செய்கிறான்.

இந்த நாட்டில் உச்சரிப்புக்காக உயிரே போயிருக்கிறது. 1983 கலவரத்தில் தெருவில் மறித்து 'பால்திய' (வாளி) என்ற சிங்களச் சொல்லைச் சொல்ல வைத்து, நாக்குப் புரளாதவரைத் தமிழர் என்று பிடித்த கதைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பேச்சைக் கழற்ற முடியாமல் போவது என்றால் அதுதான். ஆகவே இதை வெறும் நடிகர் சண்டை என்று என்னால் தள்ள முடியவில்லை.

தமிழ்நாட்டுச் சினிமாவுக்கு ஈழத்தமிழ் என்றால் யாழ்ப்பாணத் தமிழ்தான். 2000இல் 'தெனாலி'யில் கமல்ஹாசன் பேசியதும் அதுதான், அதைப் பழக்கியதில் அப்துல் ஹமீதுக்கும் பங்கு உண்டு. உழைத்துப் பேசினார், மறுக்கவில்லை. ஆனால் போரில் தப்பி வந்த அகதியின் பயமும் அவன் பேச்சும் சேர்ந்து சிரிப்பாகிப் போனது யாழ்ப்பாணத்தார் பலருக்குச் சுட்டது. 2021இல் 'த ஃபேமிலி மேன்' என்ற இணையத் தொடரின் இரண்டாம் பாகத்தில் சமந்தா முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு ஈழப் பெண்ணாக நடித்தார் என்று எழுந்த கோபத்தையும் பார்த்தோம். அந்தக் கோபத்தில் நானும் சேர்ந்து நிற்கிறேன். அதே ஆட்கள் தங்கள் நாடகத்தில் மட்டக்களப்பாரை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று ஒருதரம் திரும்பிப் பார்க்கட்டும் என்றும் கேட்கிறேன். பிரான்சில் எடுத்த 'தீபன்' 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வென்றது, அதில் தலைமைப் பாத்திரம் ஷோபாசக்தி, அல்லைப்பிட்டிக்காரர், போராளியாக இருந்து அகதியானவர். கூட நடித்த காளீஸ்வரி சென்னைக்காரர், அவர் நம் பேச்சைப் பழகி நடித்தார். அதை யாரும் திருட்டு என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை, ஏனென்றால் கழற்ற முடியாதவர் அங்கே நடுவில் நின்றார்.

கூத்துக்கும் இதே வரலாறு உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் யாழ்ப்பாணத்தவர். 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' என்ற சிங்கள நாடகம் வந்து, சிங்களவர்கள் 'நாடகம்' என்கிற தங்கள் பாடியாடும் மரபைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்த 'நாடகம்' மரபு தமிழ்க் கூத்தில் இருந்து போனதுதான். பிறகு வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். 1962இல் 'கர்ணன் போர்', அப்புறம் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை'. வட்டக்களரியில், வட்டமான திறந்த ஆடுகளத்தில், விடிய விடிய ஆடுகிற கூத்து படச்சட்ட மேடைக்குள் ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்கியது. கெடுத்துவிட்டார் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் மனது அவர் பக்கம்தான் சாய்கிறது, ஒரு காரணத்துக்காக: கூத்தைப் புத்தகத்தில் பார்த்துப் பழக்கவில்லை, ஊரில் கூத்துப் பழக்குகிற வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பட்டம் படிக்கிற பிள்ளைகள் மத்தளத்துக்கு முன்னால் நின்று அவரிடம் தாளக்கட்டுப் பழகினார்கள். இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பு மாணவன் மௌனகுரு, பின்னாளில் அதே வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆனாலும் பெயரும் புகழும் பல்கலைக்கழகத்துக்குப் போனது போல ஊருக்கு வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சட்டம் (பாட்டு ஏடு) கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு (முழு ஒத்திகை) பார்த்து, களரி கட்டி ஆடுகிற ஊர்க்காரன் 'மரபு' ஆனான், சுருக்கியவர்கள் 'கலைஞர்' ஆனார்கள். சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊராரும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தை நான் மதிப்பது இதனால்தான், என்ன மாற்றலாம் என்று அங்கே ஆடுகிறவர்களே உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள்.

பறங்கியர் கதை இன்னும் மோசம். அவர்களுடைய ஆட்டப்பாட்டான கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும் நாடு முழுக்க ஆடுகிறது, பஸ்ஸில் சுற்றுலா போகிற பெடியன்கள் தகரத்தைத் தட்டிப் பாடுகிறார்கள். மட்டக்களப்பில் கலியாண வீட்டில் வயலினும் மண்டலினும் வைத்து அதன் பழைய வடிவை வாசிக்கிற குடும்பங்கள் குறைந்துகொண்டே போகின்றன, அவர்களைத் தேடி வந்து ஒரு மேடை கொடுப்பார் இல்லை.

எல்லாவற்றையும் வேலி போட்டுப் பிரிக்கிறதும் எனக்கு உடன்பாடில்லை. வயல்வெளிக் கவி பாடுகிற எங்கள் பிள்ளைகள் சிலரிடம் 'அது முஸ்லிம் கவி, நீங்கள் எப்படிப் பாடுவீர்கள்' என்று ஒருவர் கேட்டார், பிள்ளைகள் பயந்துபோய்ப் பாட்டை மாற்றப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அந்தக் கவிகள் அறுவடைக் காலத்தில் ஒரே வரம்பில் நின்ற தமிழ், முஸ்லிம் பெண்கள் இரண்டு பகுதியார் வாயிலும் இருந்தவை. என் அம்மாவுக்கு அதில் பலதைப் பாடிக் காட்டியது அக்கரைப்பற்றில் இருந்து வேலைக்கு வந்த ஒரு முஸ்லிம் பெண், அம்மா அவவை மச்சி என்றுதான் கூப்பிடுவா. தாய்வழியில் வருகிற குடி பார்த்துக் கலியாணம் பேசுகிற வழக்கமே எங்கள் இரண்டு பகுதிக்கும் பொதுவாக இருக்கும்போது பாட்டை எங்கே இருந்து வெட்டுவது? பாடுங்கள், யாரிடம் இருந்து கேட்டது என்று மேடையில் சொல்லுங்கள், அவர்கள் ஊருக்கும் போய்ப் பாடுங்கள் என்றேன். போய்ப் பாடினார்கள். அங்கே இருந்த ஒரு உம்மா, இரண்டு அடியைத் திருத்திக் கொடுத்தா.

புலம்பெயர்ந்த பிள்ளைகள் விசயத்தையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். கனடாவில் பிறந்து அம்மம்மாவோடு வளர்ந்த பிள்ளை இங்கே வந்து, இப்போது நாங்களே விட்டுவிட்ட சொற்களோடு கதைத்தால், நடிக்கிறாள் என்று சிரிக்கிறோம். அது அவள் வளர்ந்த பேச்சு. அவளிடம் இருக்கிற மட்டக்களப்பு அம்மம்மாவின் மட்டக்களப்பு. அவள் மேடையேறி அந்தப் பேச்சில் பாடினால் நான் முன்வரிசையில் இருப்பேன்.

இப்போது கையில் உள்ள வேலைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையை வைத்துப் படம் எடுக்கப்போகிறார். "அக்கா, பேச்சை மட்டும் ஒருக்கால் பார்த்துத் தாங்கோ" என்று கதையை அனுப்பினார். வாசித்தேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் நடக்கிற கதை, ஆனால் பள்ளிக்கூட ரீச்சரும் டொக்டரும் விதானையாரும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்கள், மட்டக்களப்புத் தமிழ் பேசுவது ஒரு மாமி மட்டும், அவ மருந்து வைக்கிறவ. திருத்தித் தருகிறேன், ஆனால் திருத்துகிறவருக்குக் காசும் படத்தில் பெயரும் வேண்டும், ரீச்சர் எங்கள் தமிழ் பேச வேண்டும், நடிகர் தேர்வை இங்கே வந்து வைக்க வேண்டும் என்று பதில் எழுதினேன். காசுக்கும் பெயருக்கும் உடனே சரி என்றார். ரீச்சர் விசயத்தில் தயங்கினார், அப்படிக் கதைத்தால் பார்க்கிறவர்களுக்கு அவ படித்தவவாகத் தெரியமாட்டா அக்கா என்றார். அப்படித் தெரியாமல் இருப்பதால்தான் அவ அப்படிக் கதைக்க வேண்டும் என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டார், மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார். தேர்வு வருகிற மாதம் கொக்கட்டிச்சோலையில், அந்தக் களுவாஞ்சிகுடிப் பிள்ளையையும் ரீச்சர் வேசத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மருந்து வைக்கிற மாமியை மட்டும் அவர் விடமாட்டேன் என்கிறார். கதைக்கு அவ தேவையாம். என்ன தேவை என்று கேட்டிருக்கிறேன்.